இடது முன்சக்கரம்

மாப்பிள்ளை அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு வரவில்லை. லாரியின் முதுகில் ஏற்றிக் கொண்டுவந்து பட்டறை வாசலில் இறக்கினார். இறக்கும்போதும், "முன்சக்கரத்துல கை வைக்காதீங்க, அதை அப்படியே விடுங்க" என்று லாரிக்காரரிடம் மூன்று முறை சொன்னார். தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்தில் அவருக்குப் பரிசோதகர் வேலை. பதினான்கு வருடமாக, வாய் சீல் வைத்த பாட்டில்களில் தண்ணீர் மாதிரி எடுத்துவந்து பழகியவர். வண்டியையும் அப்படித்தான் கொண்டுவந்திருந்தார்.

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். அவர் மாப்பிள்ளையின் மனைவி பாப்பாவுக்கு அண்ணன். இருபத்து மூன்று நாட்களாக இருவரும் பேசிக்கொண்டது மொத்தம் பத்து வார்த்தை இருக்காது.

"என்ன மாப்பிள்ளை இது?"

"பார்த்துச் சொல்லுங்க மச்சான்."

"எதை?"

"அன்னைக்கு நான் முன்சக்கரத்தைப் பூட்டினேனா இல்லையான்னு. டிராக்டர் இழுத்துட்டு வந்து விட்டபடியே இருக்கு, யாரும் தொடல. நான் மறந்திருந்தா மறந்துட்டேன்னு சொல்லுங்க. பாப்பாகிட்டயும் அதையே சொல்லுங்க. எதுன்னு தெரியாம இருக்கிறதுதான் முடியல."

மெக்கானிக் வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். முன்சக்கரங்களில் அப்பியிருந்த களிமண் காய்ந்து, வெடித்து, ஓடு மாதிரி ஆகியிருந்தது. இருபத்தாறு வருடத்துப் பழைய பிக்கப். மெக்கானிக்கின் அப்பா அதைக் கழுதை என்றுதான் கூப்பிடுவார். மேட்டுப் பண்ணைகளிலிருந்து பால் கேன்களை அதில் ஏற்றிவருவதுதான் அவருடைய பிழைப்பு. எழுபத்தோரு வயதிலும் வேறு யாரையும் அதை ஓட்ட விட்டதில்லை. மாப்பிள்ளை ஓட்டியதே அந்த ஒருநாள்தான்.

அந்த நாளில் நடந்ததை வீட்டில் எல்லோரும் மனப்பாடமாக அறிவார்கள். ஒரு வாரம் அப்பாவோடு இருக்கலாம் என்று பாப்பாவும் மாப்பிள்ளையும் அவர் வீட்டுக்குப் போயிருந்தார்கள். மூன்று நாள் விடாத மழை. விடிந்து கொஞ்ச நேரத்தில் குளியலறையில் ஏதோ விழும் சத்தம். போய்ப் பார்த்தால் அப்பாவுக்கு வலது கை, வலது கால் இரண்டும் வரவில்லை. வாயும் பேச வரவில்லை. ஆம்புலன்ஸ்காரர்கள், அந்த மண்ரோட்டில் ஏற முடியாது, தார்ரோடு வரைக்கும் கொண்டுவந்து விடுங்கள் என்றார்கள். இரண்டு கிலோமீட்டர். தார்ரோட்டுக்கு முந்தின பள்ளத்தில் வண்டி நின்றுவிட்டது. பின்சக்கரங்கள் சேற்றை வாரி இறைத்தன, முன்சக்கரங்கள் அசையவில்லை. பண்ணையிலிருந்து டிராக்டர் வந்து இழுத்தபோது ஐம்பது நிமிடம் போயிருந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர், "ஒரு அரை மணி நேரம் முன்னாடி கொண்டுவந்திருந்தா" என்று தொடங்கி, வாக்கியத்தை முடிக்காமல் விட்டார். அதை வீட்டார் ஆளுக்கொரு விதமாக முடித்துக்கொண்டார்கள்.

பாப்பாவுக்கு முப்பத்தாறு வயது. கடைக்குட்டி என்பதால் இன்னும் பாப்பாதான். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக அண்ணன் வீட்டுக்கு வந்தவள், இன்னும் தன் வீட்டுக்குப் போகவில்லை. துக்கம் கேட்க வந்த ஒவ்வொருவரிடமும் அவள் சொன்னது ஒன்றேதான்.

"நாலு சக்கரமும் இழுக்கிற மாதிரி நாலுல போடுங்கன்னா, போட்டுட்டேன்கிறார். விளக்கும் எரியுது. முன்சக்கரம் சும்மா நிக்குது. இறங்கிப் பூட்டினீங்களான்னா பூட்டினேன்கிறார். பூட்டியிருந்தா ஏறியிருக்குமா, இருக்காதா? நீங்களே சொல்லுங்க. அப்பாவுக்கு அப்பவே தெரிஞ்சுபோச்சு. ஜன்னலோரமா உட்கார்ந்துக்கிட்டு, வர்ற கை அந்த இடது கை ஒண்ணுதான், அதைத் தூக்கி இப்படி..."

இந்த இடத்தில் அவள் தன் இடது கையைத் தூக்கி, மணிக்கட்டைத் திருப்பி, உள்ளங்கை மேலே பார்க்கும்படி காட்டுவாள்.

"...கையை விரிச்சுட்டார். ஒரு தடவை இல்ல, திரும்பத் திரும்ப. அவ்வளவுதான், போதும்கிற மாதிரி. என்னால பார்க்க முடியல. அந்தக் கையைப் பிடிச்சு மடியில வெச்சுக்கிட்டேன். கடைசி வரைக்கும் விடல."

இருபத்து மூன்று நாளில் மெக்கானிக் இதை முப்பது தடவையாவது கேட்டிருப்பார். ஒவ்வொரு தடவையும் எழுந்து வெளியே போய்விடுவார்.

மாப்பிள்ளை கேட்டதைச் செய்ய அவருக்கு அன்று விருப்பமில்லை. வண்டியில் கோளாறு ஏதும் இல்லை, மாப்பிள்ளைதான் பதற்றத்தில் மறந்திருக்கிறார் என்று அவர் மனதுக்குள் முடிவாகிவிட்டிருந்தது. அது வசதியாகவும் இருந்தது. பழி ஓரிடத்தில் உட்கார்ந்துவிட்டால் வீட்டில் மற்றவர்கள் நடமாடலாம். ஆனால் ஒருவர் வண்டியைக் கொண்டுவந்து பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டால் பார்க்காமல் இருக்க அவருக்குத் தெரியாது.

பக்கத்துக் கடை லேத்துக்காரர் டீ கிளாசோடு எட்டிப் பார்த்தார். "என்னப்பா, போஸ்ட்மார்ட்டமா?" என்று ஆரம்பித்தவர், லாரிக்குப் பின்னால் நின்ற மாப்பிள்ளையைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார். பிறகு கிளாசை ஓரமாக வைத்துவிட்டு, "ஜாக்கியை நான் தள்றேன்" என்றார்.

மூவருமாக வண்டியை உள்ளே தள்ளினார்கள். மெக்கானிக் நான்கு சக்கரமும் தரையைத் தொடாதபடி ஸ்டாண்டுகளில் ஏற்றி, ஒவ்வொரு ஸ்டாண்டையும் காலால் உதைத்துப் பார்த்தார். ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். அப்பாவின் துண்டு இடது இருக்கையில் மடித்தபடி கிடந்தது. அதைத் தொடவில்லை.

வெயில் தடுப்பைக் கீழே இறக்கியபோது ஒரு அட்டை மடியில் விழுந்தது. பிளாஸ்டிக் உறை போட்ட அட்டை. மாப்பிள்ளையின் சிறிய, நேரான கையெழுத்து.

"1. வண்டியை நிறுத்தவும். 2. இறங்கி, இரண்டு முன்சக்கரங்களின் நடுவிலும் உள்ள வில்லையை வலப்பக்கமாக, நிற்கும் வரை திருப்பவும். 3. ஏறி, சின்ன கியரை நாலில் போடவும். 4. விளக்கு எரிகிறதா எனப் பார்க்கவும். 5. மெதுவாக எடுக்கவும்." அதற்குக் கீழே, இன்னும் சிறிய எழுத்தில்: "தகவல்: மச்சான், போனில்." தேதியும் போட்டிருந்தது. மூன்று மாதத்துக்கு முந்தையது.

மெக்கானிக்குக் கொஞ்சம் சிரிப்புக்கூட வந்தது. அந்தப் போன் பேச்சு ஞாபகம் இருந்தது. "அவசரத்துக்கு ஓட்டத் தெரிஞ்சிருக்கணும் மச்சான், மாமாகிட்ட கேட்டா கழுதைக்குப் பழகினவனைத்தான் தெரியும்கிறார்" என்றார் மாப்பிள்ளை. வேறொரு வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டே, போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, இவர் சொல்லிக்கொடுத்தார். அட்டையைப் பார்த்து அப்பா அடித்த கிண்டல் வீடு முழுக்கப் பிரபலம்: "கழுதைக்கெல்லாம் பாடப்புத்தகம் போட்டிருக்கார் என் மாப்பிள்ளை." கண்ணாடி போடாமல் கையெட்டும் தூரத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, படிக்காமலே அதை அங்கே செருகியவரும் அவர்தான்.

அட்டையில் எல்லாம் சரியாகவே இருந்தது. மெக்கானிக் அதைத் திரும்ப வைத்துவிட்டு எஞ்சினைக் கிளப்பினார்.

அந்த வண்டியின் சைலன்சர் ஓட்டை விழுந்து பல வருடம். கிளம்பினால் உள்ளே உட்கார்ந்திருப்பவர் சொல்வது வெளியே இருப்பவருக்குக் கேட்காது. அப்பாவோடு அந்த வண்டிக்கு வேலை செய்த நாளெல்லாம் பேச்சு கையால்தான். கட்டைவிரலைத் தூக்கினால் இன்னும் கொஞ்சம், முஷ்டியை மூடினால் நிறுத்து. லேத்துக்காரரை ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்துவிட்டு, மெக்கானிக் சக்கரம் வைத்த பலகையில் மல்லாந்து வண்டிக்கு அடியில் போனார். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். லேத்துக்காரர் சின்ன கியரைத் தள்ளி நாலில் போட்டு, வண்டியை முதல் கியரில் விட்டார். முகப்பில் பச்சை விளக்கு எரிந்தது.

அடியிலிருந்து பார்த்தால் எல்லாம் தெரிந்தது. கியர் பெட்டிக்குப் பின்னால் இருக்கும் சின்னப் பெட்டி முன்பக்கமும் சக்தியைப் பிரித்து அனுப்பியது. முன் ஷாஃப்ட் சுற்றியது. ஆக, மாப்பிள்ளை நாலில் போட்டது உண்மை, விளக்கு எரிந்ததும் உண்மை. விளக்குக்கு அவ்வளவுதான் தெரியும். சின்ன கியர் விழுந்ததா என்று சொல்லும், சக்கரம் சுற்றுகிறதா என்று அதற்குத் தெரியாது. இந்தப் பழைய வண்டிகளில் மிச்சத்தை மனிதன்தான் இறங்கிச் செய்ய வேண்டும். ஒவ்வொரு முன்சக்கரத்தின் நடுவிலும் ஒரு வில்லை இருக்கும், ஹப் லாக் என்பார்கள். அதைக் கையால் திருப்பினால்தான் உள்ளே சுற்றுகிற அச்சும் வெளியே இருக்கிற சக்கரமும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும்.

முன்சக்கரம் இரண்டும் நின்றன. வலது அச்சும் நின்றது. இடது அச்சு மட்டும், சக்கரத்துக்கு உள்ளே, வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது.

மெக்கானிக் முஷ்டியை மூடினார். எஞ்சின் நின்றது.

வெளியே வந்து வலது சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்த்தார். பூட்டியிருந்தது. இடது சக்கரம் அச்சோடு சம்பந்தமே இல்லாமல் லேசாகச் சுற்றியது. எழுந்து நின்று, முழங்கால் மண்ணைத் தட்டிக்கொண்டு சொன்னார்.

"வலது பக்கம் பூட்டியிருக்கீங்க. இடது பக்கம் பூட்டல."

மாப்பிள்ளை தலையை ஆட்டினார். "ஒண்ணு பூட்டினா போதாதா மச்சான்?" என்றார்.

"போதாது. நடுவுல இருக்கிற கிரவுன் பெட்டி, எந்தப் பக்கம் லேசா இருக்கோ அந்தப் பக்கமே சக்தியை எல்லாம் விட்டுடும். ஒரு பக்கம் திறந்திருந்தா அந்த அச்சு சும்மா சுத்தும். பூட்டின பக்கத்துக்கும் ஒண்ணும் போகாது. பாதி பூட்டினதும் பூட்டாததும் ஒண்ணுதான்."

"சரி" என்றார் மாப்பிள்ளை. சுவரோரமாகக் கிடந்த டயர் மேல் உட்கார்ந்தார். தன் வலது உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டைவிரலுக்குக் கீழே ஆறிய வெட்டுக்காயம் ஒன்று கோடாக இருந்தது. "அப்போ இது எப்படி வந்துச்சுன்னு மட்டும் புரியல" என்றார், யாரிடமும் கேட்காத மாதிரி.

"எது?"

"இடது பக்கம் திருப்பினேன். நகரவே இல்ல. ஏற்கெனவே முட்டிக்கிட்டு நின்னுச்சு. மாமாவே பூட்டி வெச்சிருக்கார் போலன்னு நினைச்சேன். இருந்தாலும் சந்தேகம். குறடு எடுத்து, இன்னும் கொஞ்சம் போகுமான்னு முறுக்கினேன். வழுக்கிக் கையைக் கிழிச்சிடுச்சு. மூணு தடவை இறங்கி மூணு தடவையும் முறுக்கினேன். அதுகூட நானா நினைச்சுக்கிட்டதா?"

லேத்துக்காரர் மெக்கானிக்கைப் பார்த்தார். மெக்கானிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஸ்க்ரூடிரைவர் நுனியால் இடது வில்லையின் மேல் இருந்த மண் ஓட்டைப் பெயர்த்தார். அப்பா ஒரு மழைக்காலம் முடிந்து இரண்டு வில்லைக்கும் வெள்ளி பெயின்ட் அடித்திருந்தார். அம்புக்குறி, எழுத்து எல்லாம் அதற்குள் புதைந்துவிட்டன. அந்த வெள்ளியைக் கிழித்துக்கொண்டு குறடின் பல் தடங்கள் இருந்தன. ஒன்றிரண்டல்ல, விளிம்பு முழுக்க. தடத்தின் ஓரத்தில் உலோகம் வழித்துவிடப்பட்டிருந்த திசையை விரல் நுனியால் தடவிப் பார்த்தார். வலப்பக்கமாக. ஒரு மனிதன் தன் முழு பலத்தையும் போட்டு வலப்பக்கமாக முறுக்கியிருக்கிறான்.

"மறக்கல" என்றார் மெக்கானிக், மெதுவாக.

"ஜாம் ஆயிடுச்சா?" என்றார் லேத்துக்காரர்.

மெக்கானிக் வில்லையை மூன்று விரலால் பிடித்தார். வலப்பக்கம் அசையவில்லை. இடப்பக்கம் திருப்பினார். வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி போய், டக்கென்று விழுந்தது. சக்கரம் பூட்டிக்கொண்டது.

விரல்களை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். அந்த விரல்களுக்கு அது முன்பே தெரிந்திருந்தது. அவருக்குத்தான் ஞாபகம் வரவில்லை.

"இந்த வில்லை மூடிக்கு நான்தானே ஆறு ஓட்டை போட்டுத் தந்தேன்" என்றார் லேத்துக்காரர், பின்னாலிருந்து. அவருடைய குரலில் வழக்கமான எகத்தாளம் இல்லை. "பதினோரு வருஷம் இருக்குமா? பழசுல பல்லு உடைஞ்சு, அதே மாதிரி கிடைக்காம, வேற ஏதோ வண்டியோடதை எடுத்துட்டு வந்தே. ஓட்டை சேரல, மாத்திப் போட்டோம். உங்கப்பா இங்கதான் நின்னார். நீ அவர்கிட்ட சொன்னே..."

"தெரியும்."

"...இது தலைகீழா திரும்பும்ப்பா, புதுசு கிடைச்சதும் மாத்திடறேன்னு சொன்னே."

"தெரியும்ங்கறேன் இல்ல."

மாப்பிள்ளை எழுந்து வந்திருந்தார். மெக்கானிக் அவர் முகத்தைப் பார்க்காமல், வண்டிக்குள் கையை விட்டு அட்டையை எடுத்தார். இரண்டாவது வரியைத் திரும்பப் படித்தார். வலப்பக்கமாக, நிற்கும் வரை. தகவல்: மச்சான், போனில்.

"இதை நான் சொன்னேன்" என்றார். "ரெண்டையும் வலப்பக்கம்னு சொன்னேன். எல்லா வண்டியும் அப்படித்தான். இது ஒண்ணு மட்டும் இல்ல. இதை இப்படி ஆக்கினதே நான். வீட்டுல தெரிஞ்சவங்க ரெண்டே பேர். ஒருத்தர் வாய் வராம உள்ளே உட்கார்ந்திருந்தார். இன்னொருத்தன் நான், போன்ல தப்பா சொல்லிக் கொடுத்தேன்."

மாப்பிள்ளை அட்டையை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டார். "வேற வண்டிக்கு அடியில இருந்தீங்க மச்சான் அன்னைக்கு. சத்தமா இருந்துச்சு. நான்தான் திருப்பிக் கேட்டிருக்கணும்."

"நீங்க திருப்பிக் கேட்டீங்க. ரெண்டும் ஒரே பக்கமான்னு கேட்டீங்க. ஆமாம்னேன்."

மாப்பிள்ளை அட்டையின் இரண்டாவது வரியைப் பார்த்தார். கேட்டது அவருக்கும் ஞாபகம் இருந்தது.

மெக்கானிக் அந்த வில்லையைத் திரும்பவும் பழைய நிலைக்கே, பூட்டாத நிலைக்கே திருப்பிவைத்தார். ஸ்டாண்டுகளை எடுத்து வண்டியைத் தரையில் இறக்கினார். கை கழுவினார். சோப்பு போட்டு, நகக்கண் வரைக்கும், வழக்கத்தைவிட அதிக நேரம் கழுவினார். பிறகு போனை எடுத்தார்.

"பாப்பா, பட்டறைக்கு வா. இல்ல, ஒண்ணும் ஆகல. வா."

*

அவள் முக்கால் மணி நேரத்தில் வந்தாள். அப்பாவின் வண்டியைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள். மாப்பிள்ளை நின்ற பக்கம் திரும்பவில்லை.

மெக்கானிக் சுற்றி வளைக்கவில்லை. பல் உடைந்தது, வேறு வண்டியின் மூடி, தலைகீழாகத் திரும்புவது, போனில் சொன்னது, குறடின் தடம் என்று எல்லாவற்றையும், வாடிக்கையாளரிடம் கோளாறு சொல்கிற அதே குரலில், வரிசையாகச் சொன்னார். கடைசியில், "அவர் மறக்கல பாப்பா. நான்தான் மறந்தேன்" என்றார்.

பாப்பா கைப்பையின் வாரைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நீங்க அவரைக் காப்பாத்தப் பார்க்கறீங்க."

"மாப்பிள்ளை மேல பாசம் பொத்துக்கிட்டு வர்ற ஆளா நான்? கல்யாணத்தன்னைக்கே நான் இந்த ஆள் வேண்டாம்னவன்."

"அதைச் சொல்லுங்க" என்றார் மாப்பிள்ளை. யாரும் சிரிக்கவில்லை, ஆனால் காற்று கொஞ்சம் நகர்ந்தது.

"விளக்கு எரிஞ்சதே அண்ணா. நான் பார்த்தேன்."

"விளக்கு சின்ன கியரைத்தான் பார்க்கும். சக்கரத்தைப் பார்க்காது."

"இப்ப என்ன சொல்ல வர்றீங்க? யார் மேலயும் தப்பில்ல, எல்லாரும் எழுந்து சாப்பிடப் போகலாமா?"

"என் மேல தப்புன்னு சொல்றேன்."

அவள் கண்ணில் நீர் வரவில்லை. இருபத்து மூன்று நாளாகப் பிடித்து நின்ற சுவரை யாரோ அசைக்கிற மாதிரி அவளுக்கு இருந்திருக்க வேண்டும். "எனக்குக் காட்டுங்க" என்றாள். "வாயால சொல்ல வேண்டாம். காட்டுங்க."

பட்டறைக்குப் பின்னால் லாரிகளைக் கழுவும் இடம். கழுவின தண்ணீர் எல்லாம் ஓடி, கீழே ஒரு களிமண் பள்ளத்தில் தேங்கும். தெரியாதவர்கள் வண்டியை அதில் விட்டுவிட்டுத் திண்டாடுவார்கள். மெக்கானிக் வண்டியை அங்கே ஓட்டிப் போனார். பாப்பா இடது இருக்கையில், அப்பாவின் துண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மாப்பிள்ளை பின்னால் நடந்து வந்தார். லேத்துக்காரர் கொட்டகைத் தூணில் சாய்ந்து நின்றார்.

சின்ன கியரை நாலில் போட்டு, விளக்கைக் காட்டினார் மெக்கானிக். அவள் பார்த்தாள். பள்ளத்தில் இறக்கினார். பின்சக்கரங்கள் சுழன்று சேற்றை வாரிக் கொட்டின. வண்டி பின்பக்கமாக அமுங்கியது, பிறகு நின்றுவிட்டது. முன்சக்கரங்கள் அசையவில்லை.

"இப்படித்தான்" என்றாள் பாப்பா. "அப்படியே இப்படித்தான்." அவள் கை துண்டை இறுக்கிக்கொண்டது.

மெக்கானிக் கிளட்சை மிதித்து, ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினார். மாப்பிள்ளை சேற்றில் கால் புதைய நடந்து இடது முன்சக்கரத்துக்கு வந்தார். குனிந்து வில்லையைப் பிடித்தார். எந்தப் பக்கம் என்று ஒரு மணி நேரமாக அவருக்குத் தெரியும். இருந்தாலும் அவர் செய்வதற்கு முன் ஒருமுறை கேட்கிற ஆள். நிமிர்ந்து, முன் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்து ஏதோ கேட்டார். எஞ்சின் சத்தத்தில் வாய் அசைந்தது மட்டும் தெரிந்தது.

மெக்கானிக்கின் வலது கை ஸ்டியரிங்கில் இருந்தது. இடது கையைத் தூக்கி, கண்ணாடிக்கு நேராக நீட்டி, மணிக்கட்டைத் திருப்பினார். உள்ளங்கை மேலே பார்த்தது. மாப்பிள்ளைக்குப் புரிகிறதா என்று, மறுபடியும் ஒரு தடவை திருப்பினார்.

அப்போது பாப்பா அந்தக் கையைப் பிடித்தாள்.

அவள் அண்ணன் முகத்தைப் பார்க்கவில்லை. கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். மெக்கானிக்கும் பார்த்தார். விரிந்த உள்ளங்கை, இடது கை. அப்பா உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து அந்தச் சக்கரம் ஒரு முழம் கீழேதான் இருந்தது. ஒரு நொடிக்குள் இருவர் நினைவும் ஒரே இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அவள் பிடித்த கையைச் சட்டென்று விட்டாள்.

வெளியே மாப்பிள்ளை இன்னும் குனிந்தபடி காத்துக்கொண்டிருந்தார்.

பாப்பா ஜன்னல் கண்ணாடியை இறக்கினாள். அது பாதி வரைதான் இறங்கும். தலையை வெளியே நீட்டி, அவரிடம், இருபத்து மூன்று நாளில் முதல் தடவையாக, "இந்தப் பக்கம்" என்றாள். இடது கையை வெளியே போட்டு, திருப்பிக் காட்டினாள். "இந்தப் பக்கம் திருப்புங்க."

மாப்பிள்ளை திருப்பினார். எஞ்சின் சத்தத்தையும் மீறி அந்த டக் சத்தம் உள்ளே கேட்டது. மெக்கானிக் கிளட்சை மெதுவாக விட்டார். முன்சக்கரங்கள் இரண்டும் மண்ணைப் பிடித்தன. கழுதை ஒருமுறை உதறிக்கொண்டு, அவசரமில்லாமல், பள்ளத்தை விட்டு ஏறி மேலே வந்து நின்றது.

எஞ்சினை அணைத்த பிறகு, வெளியே குழாயில் சொட்டும் தண்ணீர் கேட்டது.

"நான் அந்தக் கையைப் பிடிச்சு வெச்சுக்கிட்டேன் அண்ணா" என்றாள் பாப்பா.

"நீ என்ன பண்ணுவே. உனக்குச் சொன்னவங்க யாரு."

"இழுத்துக்கிட்டே இருந்தார். பலமா இழுத்தார். நடுங்கறார்னு நினைச்சு இன்னும் இறுக்கிப் பிடிச்சேன்."

மெக்கானிக் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தார். புதுசு கிடைத்ததும் மாற்றிவிடுகிறேன் என்று பதினோரு வருடத்துக்கு முன்பு, கொட்டகைக்குள், தான் சொன்ன குரல்தான் காதில் இருந்தது. அப்பா அதற்குச் சரி என்றுகூடச் சொல்லவில்லை. இடப்பக்கம் ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு, கை பழகிடும் என்றார்.

மாப்பிள்ளை மேட்டில் ஏறி ஜன்னலோரமாக வந்து நின்றார். முழங்கால் வரை சேறு. உள்ளே இருவரின் முகத்தையும் பார்த்துவிட்டு, வண்டி ஏறியதற்குச் சந்தோஷப்படுவதா என்று தெரியாமல் நின்றார்.

"மூணு தடவை இறங்கினேன்னு அண்ணன்கிட்ட சொன்னீங்களாமே" என்றாள் பாப்பா.

"ஆமாம்."

"மூணு தடவையும் இந்தப் பக்கம் வந்தீங்களா?"

"வந்தேன். மாமா இந்தக் கண்ணாடி வழியா என்னையே பார்த்துக்கிட்டு இருந்தார். நிமிர்ந்து பார்க்கவே பயமா இருந்துச்சு." மாப்பிள்ளை கையில் இருந்த சேற்றைச் சட்டையில் துடைத்தார். "திட்டறார்னு நினைச்சேன்."

பாப்பா துண்டின் ஒரு முனையை எடுத்து, ஜன்னல் வழியாக அவரிடம் நீட்டினாள்.

"திட்டல" என்றாள். "சொல்லிக்கிட்டு இருந்தார்."